ஓலையும் உள்ளமும்

நோயினால் வரும் துன்பம் ஒருவகை. நோய்க்குச் செய்யப்போகும் சிகிச்சையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் துன்பம் மற்றொருவகை. காய்ச்சலிற் கிடப்பவனுக்குக் காய்ச்சலோடு போராடுவதே போதிய வேலையாகிவிடுகிறது. சத்திரசிகிச்சைக்கு நாட் குறித்துவிட்டு வீட்டில் இருப்பவனுக்கோ செய்வதற்கு யாதொன்றுமில்லை. அவன் உடம்பு வழக்கம்போல நடமாடுகிறது, வேளைக்கு உண்கிறது, அலுவலுக்கும் போய்வருகிறது. உள்ளம் மாத்திரம் குறித்த அந்த நாளை ஓடிச்சென்று எட்டிப் பார்த்துவிட்டு நடுங்கியபடி திரும்பி வருகிறது. "மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று காண்பவரெல்லாம் சொல்வர். எதனைக் கொண்டு திடப்படுத்துவது என்பதைச் சொல்பவர் அரியர். எனக்கு அதனைச் சொல்லித் தந்தவர் பள்ளிப் படிப்பு அதிகமில்லாத என் பெரியம்மா. அவர் கையில் இருந்த பாடநூல் ஒரு கட்டுப் பனையோலை. இதே நிலையில் இருக்கும் வாசகர் ஒருவருக்கேனும் பயன்படலாம் என்று கருதி அந்த அனுபவத்தை இங்கே எழுதுகின்றேன்.

2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாட் காலை முகச்சவரம் செய்யும்போது, கழுத்தின் வலப்புறத்தில் ஒரு சிறு திரட்சி கைக்குத் தட்டுப்பட்டது. நோவில்லை, ஒரு பாக்களவு இருக்கும். வைத்தியரிடம் சென்றேன். அவர் ஒரு குவளை நீரைத் தந்து, "ஒரு மிடறு விழுங்குங்கள்" என்று சொல்லிவிட்டுக் கழுத்தையே உற்று நோக்கினார். நீர் இறங்கும்போது அந்தத் திரட்சியும் மேலெழுந்து தாழ்ந்தது. தைரொயிட் சுரப்பி குரல்வளையோடும் மூச்சுக்குழாயோடும் பிணைந்திருப்பதால், அதில் எழும் கட்டி விழுங்கும்போது அவற்றோடு சேர்ந்து அசையும் என்று அவர் விளக்கினார்.

சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்று மூச்சுக்குழாயின் முன்னே படிந்திருக்கும் சிறிய உறுப்பு இது. இதிற் கட்டி தோன்றுதல் பலருக்கும் உண்டு. ஆண்களிலும் பெண்களுக்கு மிகுதி. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. நுண்ணிய ஊசியைச் செலுத்திச் சில கலங்களை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு ஆம் என்றும் வரவில்லை, அன்று என்றும் வரவில்லை. சிலவகைக் கட்டிகளை அவற்றின் கலங்களை மாத்திரம் பார்த்து நல்லது, தீயது என்று துணிய இயலாதாம். கட்டியைச் சூழ்ந்துள்ள உறையை அக்கலங்கள் ஊடுருவியுள்ளனவா என்று கண்டே துணிய வேண்டுமாம். அதற்குக் கட்டி இருக்கும் பாதிச் சுரப்பியை எடுத்துவிடுதல் அவசியம். ஆறு வாரங்களின் பின் ஒரு நாள் குறிக்கப்பட்டது.

புற்றுநோயாக இருக்கலாம் என்ற ஐயம் ஒருபுறம் இருக்க, என்னை அதிகமாக உலுக்கியது வேறொன்று. ஒப்புதற் படிவத்தை என் முன் வைத்த சத்திரசிகிச்சை வைத்தியர், நேரக்கூடிய தீங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். குருதிப்பெருக்கைச் சொன்னார், புண் சீழ்கொள்வதைச் சொன்னார், பின்பு, "குரலில் மாற்றம் ஏற்படலாம். பெரும்பாலும் சில வாரங்களிற் சரியாகிவிடும். மிகச் சிலருக்கு நிலைத்துவிடுவதும் உண்டு" என்றார். குரல்வளையை இயக்கும் நரம்பு, மார்புவரை இறங்கிப் பின் மேலே திரும்பிவந்து, இச்சுரப்பிக்குப் பின்புறமாகவே குரல்வளையிற் புகுகின்றது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க வைத்தியர், அலறிக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில் அந்நரம்பை அறுத்ததும் அதன் அலறல் அடங்கியதைக் கண்டு எழுதிவைத்தார். அதற்குச் சற்று மேலே செல்லும் மெல்லிய நரம்பொன்று குரலை உயர்த்திப் பாட உதவுவது. இத்தாலி நாட்டுப் பாடகி அமெலிட்டா காலி-கூர்ச்சி 1935ஆம் ஆண்டில் தைரொயிட் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அதனால் அந்நரம்பு கெட்டு அவர் குரல் அழிந்ததென்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அவ்வாறு நிகழவில்லை என்று மறுத்து எழுதிய அண்மைக்கால ஆய்வாளரும் உளர். எனினும், இரவு ஒருமணிக்குக் கண்விழித்துப் படிப்பவனுக்கு முன்னைய கதையே கண்ணில் நிற்கிறது.

கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பிக்கின்றேன். உளியின்றித் தச்சன் எப்படி, அப்படியே குரலின்றி ஆசிரியன் என்று எண்ணி வாழ்ந்த காலம் அது. வெள்ளிக்கிழமைக் காலைகளிற் பிரார்த்தனை மண்டபத்தில் தேவாரத்தை முதலடி எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பாக இருந்தது. மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலே தமிழில் மேனாட்டு வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீனைப் பற்றியும், 1867ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'இரண வைத்தியம்' என்னும் நூலைப் பற்றியும் உயர்தர வகுப்பில் எத்தனையோ முறை உற்சாகமாகப் பேசியிருக்கின்றேன். அது பாடப்பொருளாக இருந்தவரையில் இரண வைத்தியம் என்ற சொல் இனிமையாகவே இருந்தது. அது என் கழுத்துக்கே வருகிறது என்றானபோது அச்சொல்லின் சுவை மாறிவிட்டது. வகுப்பிலே செய்யுளை வாசிக்கும்போது என் குரலை நானே ஒரு வேற்றாள்போற் கேட்கத் தொடங்கினேன். சற்று அடைத்தாலும், 'இதோ தொடங்கிவிட்டது' என்று நெஞ்சு திடுக்கிடும்.

என் பெரியம்மா அடுத்த வளவில் இருக்கின்றார். வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. கேள்வி கேட்டு மனிதரை அலைக்கழிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. ஒருநாட் பின்னேரம் அவர் வீட்டு விறாந்தையில் நான் வெறுமனே நின்றதைக் கண்டவர், தாம் இருந்த பாயிற் சற்று ஒதுங்கிக்கொண்டு, "தம்பி, இதிலை வந்து இரு. இந்த ஓலையைப் பிடி" என்றார்.

"எனக்கு இது வருமோ, பெரியம்மா?"

"வராட்டில் வேறை ஓலை கிடக்கு."

அவ்வளவே அவர் செய்த உபதேசம்.

யாழ்ப்பாணத்தில் ஒருகாலத்தில் ஓலைப் பொருளில்லாத அடுப்படி இருந்ததில்லை. அரிசி புடைக்கச் சுளகு, பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, மண்ணும் எருவும் சுமக்கக் கடகம், மீன் வாங்கிவர உமல், பனங்கட்டிக்குக் குட்டான், பாட்டிமார் மடியிற் செருகிக்கொள்ளக் கொட்டைப்பெட்டி என ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு வடிவம் இருந்தது. இவற்றுட் பலவற்றின் இடத்தைப் பின்னர் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பிடித்துக்கொண்டன. 1978ஆம் ஆண்டிற் பனை அபிவிருத்திச் சபை தோன்றிய பின் இக்கைப்பணிக்குச் சிறிது ஆதரவு கிட்டியது. பெரியம்மாவோ எச்சபையையும் எதிர்பாராமல், தம் தாயார் இழைத்தவாறே இழைத்து வந்தவர்.

இழைப்பதற்கு முன்னரே ஓலையில் எத்தனை வேலை இருக்கிறது என்பது அன்றுவரை நான் அறியாதது. முற்றிய ஓலை உதவாது. விரியத் தொடங்கும் இளஞ்சார்வோலையே வேண்டும். அதனை வெயிலிற் காயவிட்டு, இரவிற் பனியிற் போட்டுப் பதப்படுத்துவர். பிறகு ஒவ்வோர் ஓலையின் நடுவிலும் ஓடும் ஈர்க்கைக் கிழித்து நீக்குவர். ஓலைகளை வட்டமாகச் சுருட்டிக் கட்டிவைத்தால் அவற்றின் நெளிவு நீங்கும். அதன்பின் சத்தகம் என்னும் சிறு கத்தியால் ஒரே அகலமுள்ள கீற்றுகளாக வாருவர். நிறம் வேண்டுமாயின் சாயம் கலந்த கொதிநீரில் ஓலையை இட்டு எடுப்பர். இழைக்கும் வேளையில் ஓலையில் அளவான ஈரம் இருத்தல் வேண்டும். ஈரம் போதாவிடின் மடிக்கும் இடத்தில் முறியும்; மிகுந்துவிட்டால் காய்ந்தபின் சுருங்கி இழையிடையே இடைவெளி விழும். அந்த அளவைப் பெரியம்மா விரலால் அறிவார். கீற்றைச் சுட்டுவிரலிற் சுற்றிப் பார்ப்பார். மறுபேச்சின்றி ஈரத் துணியில் இடுவார் அல்லது மடியில் இடுவார்.

முதல் மூன்று நாளும் எனக்கு ஈர்க்கு நீக்கும் வேலைதான். நான்காம் நாள் ஒரு சிறு பெட்டிக்கு அடி போடத் தொடங்கினோம். 12 கீற்றை நெடுக்காக அடுக்கி, 12 கீற்றைக் குறுக்காக ஒன்றன்மேல் ஒன்றன்கீழ் விட்டுச் செல்ல வேண்டும். ஒன்றை எடு, ஒன்றை விடு; அடுத்த வரியில் விட்டதை எடு, எடுத்ததை விடு. பார்க்க எளிது. கையோ பத்துக் கீற்றுக்குள் எங்கோ தவறிவிடும். அப்போது பெரியம்மா யாதும் சொல்லார். என் கைக்கு மேல் தம் கையை வைத்து, தவறிய இடம்வரை கீற்றுகளை மெல்ல உருவி, மறுபடியும் அங்கிருந்து தொடங்கச் செய்வார். நான் இறுக்கி இழுத்தால் மாத்திரம், "இழுக்காதை, தம்பி. ஓலை தானாய் வரும்" என்பார்.

ஒரு வாரம் சென்றபின் எனக்கு ஒரு செய்தி புலப்பட்டது. ஓலையோடு இருந்த ஒருமணி நேரத்தில் நான் அச்சத்தை மறந்திருக்கவில்லை. கழுத்தில் கட்டி இருப்பதும் நாள் நெருங்குவதும் நினைவில் இருந்தன. ஆயினும் அந்த நினைவுக்கு என்னை இழுத்துச்செல்லும் வலி குறைந்திருந்தது. இதன் காரணத்தைப் பலநாள் ஆராய்ந்து பார்த்தேன். அச்சத்துக்கு வரிசை கிடையாது. அது முதலில் முடிவைக் காட்டும். பின்னர் நடுவைக் காட்டும். மறுபடி முடிவுக்கே தாவும். ஓலை அவ்விதம் தாவ இடங்கொடாது. அடி முடியாமல் மூலை திரும்ப இயலாது. மூலை திரும்பாமற் சுவர் எழாது. சுவர் எழாமல் வாய் கட்ட முடியாது. கண்ணும் இரு கையும் எண்ணிக்கையும் ஒருங்கே அந்த ஒரு கீற்றில் நின்றாலன்றி வேலை நடவாது. ஆகவே உள்ளம் நாளைக்கு ஓடினாலும், 'இப்போது எடுக்க வேண்டியதா, விட வேண்டியதா?' என்று கை அதனைத் திரும்ப அழைக்கின்றது. ஒரு பின்னேரத்தில் இவ்வாறு நூறுமுறை அழைத்தால், நூற்றோராம் முறை அது அதிக தூரம் ஓடுவதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1914 முதல் 1918 வரை நடைபெற்ற உலகப் போரிற் காயமுற்ற வீரர்க்கு, உடம்பையும் உள்ளத்தையும் தேற்றும் பொருட்டுக் கூடை பின்னுதல் முதலிய கைவேலைகளை மேனாட்டு வைத்தியசாலைகளிற் பழக்கினர். தொழில்வழிச் சிகிச்சை என்று இன்று வழங்கும் துறைக்கென அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டில் ஒரு சங்கமே அமைக்கப்பட்டது. பெரியம்மாவுக்கு இச்செய்தியைச் சொன்னேன். "கை சும்மா இருந்தால் மனம் சும்மா இராது. இதுக்கும் ஒரு சங்கமோ?" என்று கேட்டுவிட்டுக் கீற்றை வாரத் தொடங்கிவிட்டார்.

எல்லா நாளும் இது பலித்தது என்று எழுதினால் அது பொய்யாகும். குறித்த நாளுக்கு ஒரு கிழமை முன்னதாக ஓரிரவு, யாரோ ஒருவர் கட்டைக்குரலிற் பேசுவதுபோலக் கனவு கண்டு விழித்தேன், அக்குரல் என்னுடையது. அந்நேரத்தில் எழுந்து சென்று ஓலையை எடுத்தேன். விரல்கள் நடுங்கின, கீற்றுகள் ஒன்றுக்கொன்று இசையவில்லை, பாதியில் வைத்துவிட்டு, விடியும்வரை முற்றத்தில் உலாவினேன். ஆனால் காலையில் வந்து பார்த்தபோது அந்தப் பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. எந்த வரியில் விட்டேனோ அந்த வரியிலேயே நின்றது. அதனைப் பார்த்ததும் ஓர் ஆறுதல் பிறந்தது. இரவின் கலக்கம் அதில் ஒரு கீற்றையும் குலைத்திருக்கவில்லை. அன்று பின்னேரம் அதே வரியிலிருந்து தொடர்ந்தேன்.

பங்குனி இறுதியில் வைத்தியசாலைக்குச் சென்றபோது, ஈரத்துணியிற் சுற்றிய ஒரு சிறு கட்டுக் கீற்றையும் கொண்டுசென்றேன். கத்தி கூடாது என்பதால் எல்லாவற்றையும் பெரியம்மா முன்னரே வாரித் தந்திருந்தார். கட்டிலிலிருந்து நான் இழைப்பதைக் கண்ட தாதி, "யாருக்குப் பெட்டி?" என்று சிரித்தவாறே கேட்டுவிட்டுச் சென்றார். பக்கத்துக் கட்டிலில் தீவுப்பகுதியைச் சேர்ந்த முதிய கடற்றொழிலாளர் ஒருவர் இருந்தார். அவரும் மறுநாட் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்தவரே. வந்தது முதல் சுவரைப் பார்த்தபடி கிடந்தவர், நெடுநேரம் என் கையையே கவனித்திருந்து, கடைசியாக, "மாஸ்ரர், அதை இஞ்சை தாருங்கோ" என்று கைநீட்டினார். கீற்றுகளை வாங்கி ஒரு சிறு உமலுக்கு அடி போட்டார். வலை கட்டிப் பழகிய விரல்கள். என் விரலினும் மும்மடங்கு வேகம். தமது தகப்பனார் கடலுக்குக் கொண்டுபோன உமலின் அளவைக் கையால் அளந்து காட்டினார். விளக்கணைக்கும்வரை இருவரும் அதிகம் பேசவில்லை. மறுநாட் காலை என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோது அவர் அந்த அரைகுறை உமலை உயர்த்திக் காட்டினார். 'வந்து பார்' என்பதாக அதனைக் கொண்டேன்.

மயக்கம் தெளிந்தபோது தொண்டையில் நெருப்பு வைத்தாற்போன்ற எரிவு. வைத்தியர் குனிந்து, "உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். வெளியே வந்தது காற்றும் கரகரப்பும் கலந்த ஓர் ஓசை. ஆயினும் அது குரல். "போதும், இனிப் பேசாமல் இருங்கள்" என்றார். அந்த மௌனத்தில் எனக்குத் துணையிருந்தவை மிச்சமிருந்த கீற்றுகள். முதியவரும் தம் சிகிச்சை முடிந்து சோர்ந்திருந்தார். நான் பேச இயலாதவன். அவர் பேச விரும்பாதவர். இரண்டு நாளின் பின் அவர் உமலை முடித்தார். வாயைக் கட்டும் முறையை எனக்குக் கையாலேயே காட்டித் தந்தார்.

இரு வாரங்களின் பின் சோதனை முடிவு வந்தது. கட்டி தீங்கற்றது. என் மனைவி அதனை இருமுறை வாசித்துவிட்டு, மடித்துச் சுவாமி படத்தின் முன் வைத்தாள். குரல் முற்றாகத் தெளிய மூன்று மாதம் சென்றது. பேச்சுக்குக் குறைவில்லை, உயர்ந்த சுருதியிற் பாடுவது மாத்திரம் முன்போல் இயலவில்லை. வெள்ளிக்கிழமைத் தேவாரத்தை இப்போது மேல்வகுப்பு மாணவன் ஒருவன் எடுத்துக் கொடுக்கின்றான். நான் கூட்டத்தோடு நின்று தாழ்ந்த குரலிற் பாடுகின்றேன். முதல் வெள்ளியன்று கண் கலங்கியது உண்மை. அவன் குரல் நன்றாக இருந்ததும் உண்மை.

குரல் தெளியாதிருந்த நாட்களிற் கல்லூரிக்குத் திரும்பியபோது, பெரியம்மாவின் விறாந்தை அடிக்கடி நினைவுக்கு வந்தது. ஆறு வாரத்தில் அவர் என்னிடம் பேசிய சொற்களை ஒரு தாளிலே எழுதிவிடலாம். ஆனால் இழைக்கத் தெரியாத ஒருவனை இழைக்கத் தெரிந்தவனாக்கிவிட்டார். தாமே செய்து காட்டினார், தவறும்வரை காத்திருந்தார், தவறிய இடத்துக்கு அழைத்துச் சென்றார். நானும் கரும்பலகையில் எழுதிவிட்டு மாணவர் எழுதுவதைப் பார்த்தபடி மேசைக்கு மேசை சென்றேன். பிழைத்த வரியில் விரலை வைத்துவிட்டு நின்றேன். பலர் தாமே திருத்திக்கொண்டனர். குரல் திரும்பிய பிறகும் கிழமையில் ஒரு பாடத்தை இவ்வாறே நடத்தி வருகின்றேன்.

சத்திரசிகிச்சைக்கு நாட் குறிக்கப்பட்டுக் காத்திருக்கும் அன்பர்க்கு ஒன்று சொல்வேன். கைவேலை நோயைத் தீர்க்காது. வைத்தியர் சொல்லும் மருந்தும் நாளும் தவறலாகாது. ஐயங்களை அவரிடமே கேட்டுத் தெளிதல் வேண்டும். எஞ்சிய நேரத்துக்கு ஒரு வேலையைத் தேடிக்கொள்ளுங்கள். அது ஓலையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தையலாகலாம், பூமாலை தொடுத்தலாகலாம், வலைமுடிச்சாகலாம். இடையில் நிறுத்தி மறுபடி தொடரக் கூடியதாகவும், கண்ணையும் கையையும் ஒருங்கே வேண்டுவதாகவும், முடிந்தபின் வீட்டில் ஒருவருக்குப் பயன்படுவதாகவும் அது இருத்தல் நன்று. தெரிந்தவர் ஒருவரின் அருகிலிருந்து பழகுதல் அதனினும் நன்று. நாள் நெருங்கும்வரை காத்திராமல், குறித்த அன்றே தொடங்கிவிடுங்கள். பழக்கம் விரலுக்கு வரச் சில வாரங்களாகும்.

நான் இழைத்த பெட்டியின் வாய் சற்றுக் கோணலானது. பெரியம்மா அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெங்காயம் போட்டு வைக்கலாம்" என்று தீர்ப்பளித்தார். எங்கள் அடுப்படியில் இன்று அதில் வெங்காயந்தான் இருக்கிறது.